இந்த வெள்ளிக்கிழமை பூக் கட்டமாட்டேன்

வரதா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. நீ நலமாக இல்லை என்பது தெரியும். அதற்கு யார் காரணம் என்பது உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு, "ஆகட்டும்டா, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு, அடுப்பில் இருந்த ரசம் வற்றி அடிப்பிடிக்கும் வரை அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ கேட்டதை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன், பின்னால் நீயோ நானோ மாற்றிச் சொல்லிவிடக் கூடாது. "குமரேசன் கூப்பிடறான்மா. ஒரகடத்துல புதுசா ஒர்க்ஷாப் போட்டிருக்கான், ஏ.சி. வேலை. மொதல்ல ஹெல்ப்பராத்தான் சேத்துப்பானாம். எனக்குப் போகணும்னு இருக்கு. ஆனா தாயார் எனக்கு இன்ஜினியரிங்தானே குடுத்தா? அதையே நான் காப்பாத்தல. இப்ப அவளைக் கேக்காம வேற பக்கம் போனா உருப்படுவேனா? வெள்ளிக்கிழமை கோயில்ல தாயார் சன்னதிக்குப் போய் பூ கட்டிக் கேட்டுடும்மா."

கட்டமாட்டேன். இந்த வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை, இனி எந்த வெள்ளிக்கிழமையும் கட்டமாட்டேன். ஏன் என்பதைச் சொல்ல எட்டு வருஷம் பின்னால் போக வேண்டும். இதை போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ உடனே, "பரவாயில்லைம்மா, விடு" என்று சொல்லிவிடுவாய். உன் வாயிலிருந்து அந்தப் 'பரவாயில்லை' வருவதற்கு முன்னால் முழுவதையும் கேட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். பாதியில் நிறுத்த முடியாதபடி எழுதுகிறேன்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் நம் வீட்டு வாசலில் செருப்பு குவியும் என்பது உனக்கே தெரியும். சின்ன காஞ்சிபுரத்தில் யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், அடுத்து என்ன சேர்ப்பது என்று கேட்கக் கணக்கு டீச்சர் வீட்டுக்குத்தான் வருவார்கள். நான் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மார்க் ஷீட்டை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்ப்பேன். எனக்கு அதில் ஒரு மிதப்பு உண்டு. மார்க்கைப் பார்த்த பிறகு, "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்பேன். அந்தக் கேள்விக்குப் பதில் வந்ததும் மார்க் எனக்கு மறந்துவிடும். அப்பா வங்கியில் இருந்தால் பிள்ளைக்கு இன்ஜினியரிங். அப்பா வக்கீல் என்றால் பெண்ணுக்கு மெடிக்கல் ஒரு தரம் முயற்சி பண்ணலாம். அப்பா தறியில் உட்காருகிறவர் என்றாலோ, கூரம் பக்கத்தில் நிலத்தில் இறங்குகிறவர் என்றாலோ, "ஒரு ஐ.டி.ஐ. போட்டு விடுங்கோ, அது போதும்" என்பேன். 'போதும்' என்ற அந்தச் சொல்லை நான் எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. எல்லோரும் கை கூப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். நான் அதை அனுபவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அனுபவம் இல்லை. வந்தவர்கள் எந்த இடத்திலிருந்து வந்தார்களோ அந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவைக்கிற காரியம். அதைத்தான் முப்பத்தோரு வருஷம், சிரித்த முகத்தோடு, வந்தவர்களுக்குக் காபியும் கொடுத்துச் செய்திருக்கிறேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ பத்தாவது படிக்கும்போது நம் வீட்டு ஃப்ரிட்ஜ் ஒரு சித்திரை மாசத்தில் நின்றுபோனது. மெக்கானிக் வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், சமையலறைத் தரை முழுக்கப் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் திருகாணியும் வயரும் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, நீ ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் மல்லாந்து படுத்திருந்தாய். எந்த மூலையிலிருந்து எதைக் கழற்றினாய் என்று செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்திருந்தாய். "சமையக்கட்டைப் பாழ் பண்ணிட்டியே கடங்காரா" என்று நான் கத்தினேன். ஒரு மணி நேரம் கழித்து ஃப்ரிட்ஜ் ஓடியது. உன் அப்பா ஐஸ் தட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நான் தரை துடைத்தேன். அன்றைக்கு உன் முகத்தில் இருந்த நிதானத்தை நான் பார்த்தேன், வரதா. பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். கணக்குப் பேப்பரை முடித்துவிட்டு நிமிர்கிற கெட்டிக்காரப் பிள்ளைகளின் முகத்தில் அந்த நிதானத்தைப் பார்த்திருக்கிறேன். உன் கணக்குப் பேப்பரில் ஒருநாளும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு டோல்கேட் பக்கத்தில் ஒரு பாய் வைத்திருந்த ஃப்ரிட்ஜ் கடைக்கு நீ சனிக்கிழமைதோறும் போனதும், ட்யூஷன் என்று என்னிடம் சொன்னதும், கையில் இருந்த கிரீஸ் காட்டிக்கொடுத்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். பிளஸ் டூ முடித்ததும் நீ சுற்றி வளைக்காமல் சொன்னாய். "ஐ.டி.ஐ.ல ஏ.சி. மெக்கானிக் டிரேடு இருக்கும்மா. நான் அதுல சேர்றேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி எல்லாம் வரப்போறதாம், ஆள் வேணும்னு சொல்றா." அப்பா மறுவார்த்தை பேசாமல் விண்ணப்பப் படிவம் வாங்கி வந்துவிட்டார். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர் இல்லையா, படிவம் பூர்த்தி செய்வதென்றால் அவருக்கு ஒரு குஷி. தன் கையால் உன் பெயரை முத்து முத்தாக எழுதி, என்னிடம் காட்டினார். "அவன் இஷ்டத்துக்கு விடேண்டி" என்றார்.

ஊரில் எல்லோருக்கும் ஐ.டி.ஐ. போதும் என்று சொன்ன எனக்கு, என் பிள்ளைக்கு என்றதும் உடம்பெல்லாம் எரிந்தது. இதைவிட அசிங்கமாக ஒரு மனுஷி இருக்க முடியுமா என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம் உன் பெரியப்பா பையன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய போட்டோவும், அடுத்த கல்யாணத்தில் உன் பெரியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வரதன் எங்கே சேர்ந்திருக்கான்?" என்று கேட்கப்போவதும்தான். நீ காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, யார் வீட்டு வாசலிலோ மணி அடிப்பாய், உன்னைப் பின்பக்கமாக வரச் சொல்வார்கள், அந்தக் காட்சி எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது. நம் வீட்டுக்கு வந்த மெக்கானிக்கை நான் எப்போதும் பின்பக்கமாகத்தான் வரச் சொல்லியிருக்கிறேன், அதனால் எனக்கு அது நன்றாகத் தெரிந்த காட்சி.

நாம் இரண்டு பேரும் வாரக்கணக்கில் பேசாமல் இருந்த அதே சமயத்தில்தான் குமரேசனின் அப்பா வந்தார். பிள்ளையார்பாளையத்திலிருந்து சைக்கிளில், தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். குமரேசன் உன் வகுப்புதான், கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. நீ நூற்று நாற்பத்தொன்று. அவர் நாற்காலியில் உட்காரவில்லை. "பையன் காலேஜி காலேஜின்னு சொல்லிக்கினு இருக்கான் டீச்சர். கணக்குல ஏதோ டிகிரி இருக்குதாமே. எனக்கு இன்னா தெரியும்? நீங்க சொன்னா சரி" என்றார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. "டிகிரி முடிச்சு என்ன பண்ணப்போறான்? ஐ.டி.ஐ.ல ஏ.சி. டிரேடு இருக்கு, கைத்தொழில். உங்களுக்கு அது போதும்" என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு அந்த டிரேடு பற்றி எப்படித் தெரியும் என்று நினைக்கிறாய்? நீ சொல்லித்தான். உனக்கு வேண்டியதை உன்னிடமிருந்து பிடுங்கி, கேட்காத பிள்ளைக்குக் கொடுத்தேன். அவன் கேட்டதை அவனிடமிருந்து பிடுங்கி, வேண்டாம் என்ற உனக்குக் கொடுத்தேன். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தது.

படிவம் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கியது. "நீ சொல்றதை நான் கேக்க மாட்டேன்மா" என்றாய். "தாயார் சொன்னா கேப்பியா?" என்றேன். நம் வீட்டில் பெரிய முடிவெல்லாம் பூக் கட்டிப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறோம். இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. பட்டர் அதைத் தாயார் திருவடியில் வைத்து எடுத்து வருவார், கேட்டவர் ஒன்றை எடுக்க வேண்டும். என் கல்யாணம் அப்படித்தான் நிச்சயமானது, இந்த வீட்டை வாங்கியதும் அப்படித்தான். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அதை அருகில் நின்று பார்த்தவன். அதனால் நீ, "தாயார் சொன்னா சரி. அப்புறம் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றாய். வெள்ளை என்றால் காலேஜ், சிவப்பு என்றால் ஐ.டி.ஐ. அதையும் நீதான் சொன்னாய்.

வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, கிணற்றடியில் இருந்த நந்தியாவட்டையைப் பறித்தேன். மல்லிகை வைத்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்று அதிகம் மணக்காத இதைத் தேர்ந்தெடுத்தேன், அதிலேயே என் யோக்கியதை தெரிகிறது. முதல் பொட்டலத்தில் வெள்ளைப் பூவை வைத்து, வாழைச் சருகை மடித்து நாரால் கட்டினேன். இரண்டாவதற்குச் சருகை விரித்தேன். முந்தின நாள் வாங்கிய சிவப்பு ரோஜா பக்கத்தில் இருந்தது. என் கை அதன் பக்கம் போகவில்லை. இரண்டாவதிலும் நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினேன். யோசித்துச் செய்தேனா என்று என்னையே எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன். யோசித்துத்தான் செய்தேன். ரோஜாவை வீட்டில் விட்டுவந்தால் யாராவது பார்ப்பார்கள் என்று அதை என் தலையில் வைத்துக்கொண்டு உன்னோடு கோயிலுக்கு வந்தேன். தாயார் சன்னதியில் ஒரு மணி நேரம் அந்தச் சிவப்புப் பூ உன் கண் முன்னால்தான் இருந்தது.

பட்டர் தட்டில் இரண்டையும் கொண்டு வந்தார். நீ கண்ணை மூடிச் சேவித்துவிட்டு ஒன்றை எடுத்தாய். பிரித்தாய். வெள்ளை. பிறகு கீழே விழுந்து சேவித்தாய். எழுந்து என்னைப் பார்த்து, "சரிம்மா" என்றாய். அவ்வளவுதான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். "இன்னொண்ணை என்ன பண்றது மாமி?" என்று பட்டர் கேட்டார். நான் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, யாரும் இல்லாதபோது பிரித்து, அந்தப் பூவை நம் வீட்டுப் பெருமாள் படத்துக்கே சாத்தினேன். அந்தத் துணிச்சலும் எனக்கு இருந்தது. அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "தாயாரே சொல்லிட்டா, அப்புறம் என்ன" என்று, தான் பூர்த்தி செய்த படிவத்தை நான்காக மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டார். அவரும் அதை நம்பியபடியே போய்ச் சேர்ந்தார். அவர் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பேனா என்று கேட்டால், மாட்டேன்.

கவுன்சிலிங்குக்குச் சென்னைக்குப் போனோம். பெரிய திரையில் காலியிடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. மெக்கானிக்கல் இருந்தது. அதையாவது உனக்குக் கொடுத்திருக்கலாம். நான் எலெக்ட்ரானிக்ஸ் என்றேன். "தாயார் குடுத்த சீட்டுமா, நீ எதைச் சொன்னாலும் சரி" என்று கையெழுத்துப் போட்டாய். முதல் செமஸ்டரில் மூன்று அரியர். இரண்டாம் வருஷ முடிவில் ஏழு. கணக்கு டீச்சரின் பிள்ளைக்குக் கணக்குப் பேப்பரே மூன்று தரம் போனது. ஊரில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள், சிரிக்கட்டும். ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னாலும் நீ தாயார் சன்னதிக்குப் போய் விழுந்து சேவித்துவிட்டுப் போவாய். உன்னைத் தடுக்கவும் முடியாமல், உன்னோடு வரவும் முடியாமல் நான் வாசலில் கோலமாவு டப்பாவோடு நின்றுகொண்டிருப்பேன்.

இனி எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்தில் எனக்குக் கஷ்டமான இடம். பூவை மாற்றியதைக்கூட, ஏதோ ஒரு வெறி, ஒரு பயம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இதற்குத் தப்பிக்க வழியே இல்லை. மூன்றாம் வருஷம், ரிசல்ட் வந்த அன்று, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நீ வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தாய். ஒரு கீரைத் தண்டை எடுத்து ஒடித்துக்கொண்டே, "தாயார் தப்பாச் சொல்லிட்டாளாம்மா?" என்று கேட்டாய். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாய். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம், உனக்கு அப்போது இருபது வயசுதான். எல்லாவற்றையும் மாற்றியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கு ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்கிறது. "தாயார் தப்பாச் சொல்ல மாட்டா. நீதான் சரியாப் படிக்கல."

நீ தலையை ஆட்டினாய். எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்தாய். அன்றிலிருந்து நீ சுமப்பது தோற்றுப்போன பரீட்சைகளை மட்டும் இல்லை, தாயார் கையில் கொடுத்ததைக் கீழே போட்டுவிட்ட பாவத்தையும்தான். ஒரு பேப்பர் கடைசிவரை தேறாமல், அப்பா காலமான வருஷத்தோடு நீ அதையும் விட்டுவிட்டாய். இருபத்தைந்து வயதில் உன் கையில் இருந்தது பிளஸ் டூ சர்டிபிகேட் மட்டும். டிகிரியும் இல்லை, தொழிலும் இல்லை. கடைசியில் கிடைத்தது என்ன வேலை? சென்னையில் ஒரு கட்டடத்தில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, எந்த நாட்டிலோ இருக்கிற ஒருத்தர் தன் வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்று சொன்னால், சிரமத்துக்கு மன்னிக்கவும், ஆள் அனுப்புகிறோம் என்று இங்கிலீஷில் சொல்கிற வேலை. போன தீபாவளிக்கு வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அவா சொல்ற சத்தத்தை வச்சே எனக்கு எங்கே கோளாறுன்னு தெரிஞ்சுடறதும்மா. ஆனா அதைச் சொல்லக் கூடாதுன்னு ரூல்." நானும் சிரித்தேன். பிறகு கொல்லைப் பக்கம் போய் அழுதேன்.

போன மாசம் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் ரூம் ஏ.சி. கெட்டுப்போனது. சரிசெய்ய வந்தது குமரேசன். ஸ்டூல் மேல் ஏறி நின்று மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். கீழே இரண்டு பேர் அவனுக்குக் கருவி எடுத்துக் கொடுத்தார்கள். எனக்குப் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. இந்த ஒன்றாவது நான் சரியாகச் செய்தேனே என்று நினைத்தேன். "பாத்தியாப்பா, அன்னிக்கு உங்கப்பாகிட்ட நான் சொன்னது எவ்வளவு சரியாப் போச்சு" என்று கேட்டும் விட்டேன். அவன் இறங்கி வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, மரியாதையாகத்தான் பேசினான். "வேலை நல்லா ஓடிக்கினு இருக்குது டீச்சர். ஒரு கொறையும் இல்ல. ஆனா சரியாப் போச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றான். "நான் பி.எஸ்ஸி. மேத்ஸ் படிச்சு உங்கள மாரி டீச்சரா வரணும்னு இருந்தேன். எங்கப்பா உங்க வீட்டுக்கு வந்துட்டு வந்து, 'டீச்சரே போதும்னு சொல்லிட்டாங்கடா, அவங்களுக்குத் தெரியாததா'ன்னாரு. அதுக்கப்புறம் அவரு வேற யாரையும் கேக்கவே இல்ல."

அவன் ஏ.சி.யை ஓடவிட்டு, கையை நீட்டிக் காற்றைப் பார்த்தான். "வரதன் எப்பிடி இருக்கான்? அவனுக்கு இந்த வேலை கைவந்த மாரி எனக்கு வராது டீச்சர். நான் கத்துக்கினது, அவனுக்குத் தானா வரும். கிளாசுல எங்க எல்லாருக்குமே தெரியும்" என்றான். அதற்குப் பிறகுதான் அவன் உன்னைக் கூப்பிட்டிருக்கிறான் என்று நினைக்கிறேன். வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாய்க்குத் தெரிந்திருந்தது. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது. மற்றவர்கள் தெரிந்ததைத் தெரிந்தபடி வைத்துக்கொண்டார்கள், நான் தெரியாததுபோல் நடந்துகொண்டேன் என்பதுதான் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்த பிறகு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் அரைகுறைதான். திங்கட்கிழமை சாயங்காலம் சன்னதித் தெருவில் பூக்காரியிடம் நின்று சிவப்பு ரோஜா கேட்டேன். "வெள்ள வேணாமா மாமி?" என்றாள். "வேண்டாம், சிவப்பே குடு" என்றேன். ஆமாம், வரதா. இந்தத் தடவை இரண்டு பொட்டலத்திலும் சிவப்பை வைத்துக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். நீ ஆசைப்பட்ட வேலைக்குப் போவாய், தாயாரே அனுமதி கொடுத்துவிட்டாள் என்று நிம்மதியாகப் போவாய், நான் செய்த பழைய பாவமும் சத்தம் இல்லாமல் அழிந்துவிடும். எவ்வளவு கச்சிதமான யோசனை. வீட்டுக்கு வந்து சருகை நறுக்கி, பூவை எடுத்து வைத்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு உன் நல்லதுக்கு என்று வெள்ளையை வைத்த அதே கைதான், இன்றைக்கு உன் நல்லதுக்கு என்று சிவப்பை வைக்கிறது. பூவின் நிறம்தான் மாறியிருக்கிறது, கை மாறவில்லை. உனக்கு இருபத்தாறு வயசு ஆகியும் நான் இன்னும் உன்னை ஏமாற்றித்தான் சந்தோஷப்படுத்தப் பார்க்கிறேன். பூவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். தாயார் உனக்கு எந்தக் காலேஜையும் கொடுக்கவில்லை. அவளை யாரும் கேட்கவே இல்லை. நீ எதையும் கீழே போடவில்லை, எதையும் கெடுக்கவில்லை. உன் ஏழு அரியரும், அந்தக் கடைசிப் பேப்பரும், சன்னதியில் நீ விழுந்து எழுந்த அத்தனை நாளும் என் கணக்கு. எட்டு வருஷமாக நான் சன்னதி வாசல் வரை போவேன், உள்ளே நிமிர்ந்து பார்ப்பதில்லை. உனக்கு அந்தக் கூச்சம் தேவையில்லை. நீ நிமிர்ந்தே சேவிக்கலாம்.

மே மாசத்தோடு எனக்கு ரிட்டயர்மெண்ட். பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு, 'பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன?' என்று ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லி ஹெட்மாஸ்டர் நச்சரிக்கிறார், இத்தனை பேருக்கு வழி காட்டினவர்கள் நீங்கள் என்கிறார். எழுத உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை. எழுதுவதென்றால் இந்தக் கடிதத்தைத்தான் கொடுக்க முடியும். உன் பெயரையும் குமரேசன் பெயரையும் எடுத்துவிடலாம். நீ சரி என்றால் மட்டும் கொடுக்கிறேன், வேண்டாம் என்றால் எனக்கு உடம்பு சரியில்லை என்று ஹெட்மாஸ்டரிடம் சொல்லிக்கொள்கிறேன். காலேஜ் கெடுதல், தொழில்தான் நல்லது என்று இதிலிருந்து யாராவது புரிந்துகொண்டால் அவர்களும் என்னைப் போலத்தான் ஆவார்கள். குமரேசன் காலேஜுக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளை. நீ ஐ.டி.ஐ.க்குப் போயிருக்க வேண்டிய பிள்ளை. எது உயர்ந்தது என்று கேட்டதுதான் தப்பு. பதினேழு வயதுப் பிள்ளையிடம் என்ன படிக்கப்போகிறாய், என்ன ஆகப்போகிறாய் என்றெல்லாம் கேட்கிறோம். காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன வேலையைச் செய்தால் உனக்கு நேரம் போவது தெரியாது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அதைக் கேட்டுவிட்டு, சொல்கிற பதிலை நம்பினால் பாதி முடிந்தது. நம்பக் கஷ்டமாக இருந்தால், ஒரு மாசம் பிள்ளையை அந்தக் கடையிலோ அந்த வகுப்பிலோ கொண்டுபோய் உட்கார வைத்துப் பார்க்கலாம். கல்யாண வீட்டில் யார் என்ன கேட்பார்கள் என்று யோசித்துப் பிள்ளையின் நாற்பது வருஷத்தைத் தீர்மானிக்கக் கூடாது. கேட்கிறவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். உன் பெரியம்மா கடைசியாக உன்னைப் பற்றிக் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது.

குமரேசனிடம் போவதா, இருக்கிற வேலையிலேயே இருப்பதா, விட்ட பேப்பரை எழுத முடியுமா என்று பார்ப்பதா, அது உன் பாடு. எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. என்னவென்று சொல்லமாட்டேன். குறிப்பாகக்கூட உணர்த்திவிடக் கூடாது என்று இதுவரை எழுதியதை மூன்று தரம் படித்துப் பார்த்தேன், அப்படியும் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத் தட்டிவிட்டுப் படி. என்மேல் உனக்கு வரப்போகிற கோபத்தையும் இதில் சேர்க்காதே. என்னைப் பழிவாங்க ஒரு வேலையை எடுக்கவும் வேண்டாம், என்னைச் சமாதானப்படுத்த ஒரு வேலையை விடவும் வேண்டாம்.

இந்த வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வருகிறேன், பூக் கட்டும்போது கூட இருக்கிறேன் என்று போனை வைக்கும்போது சொன்னாய். வராதே. உன்னைப் பார்த்து நாலு மாசம் ஆகிறது, இருந்தாலும் வராதே. நீ வாசற்படி ஏறும்போதே என் முகத்தைப் பார்ப்பாய், நான் என்ன நினைக்கிறேன் என்று உனக்குத் தெரிந்துவிடும். சின்ன வயதிலிருந்து அதற்குத்தான் உன்னைப் பழக்கி வைத்திருக்கிறேன். முடிவெடுத்த பிறகு வா.

அம்மா